சப்பாத்திக்கள்ளி பூத்திருக்கிறது: பழத்தைச் சாப்பிடலாமா? சாறு குடித்தால் இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) இறங்குமா?

லயத்துமகன்

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். தோட்டத்துத் தொழிலாளர் வரிசைவீடான லயத்தைக் காலி செய்துவிட்டு டவுனுக்குப் பக்கத்துத் தாமான் (புதுக் குடியிருப்பு) வீட்டுக்கு வந்தபோது அம்மா ஒரு கள்ளித் துண்டை நியூஸ் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்தார். கேட்டுக்குப் பக்கத்தில் நட்டது இப்போது இடுப்புக்கு மேல் வளர்ந்துவிட்டது. இத்தனை வருடமாகப் பூத்ததே இல்லை. இந்த வருடம் தைப்பூசம் முடிந்து ஒரு சொட்டு மழை இல்லாமல் காய்ந்ததே, அந்த வெயிலில் மொட்டு வைத்து இப்போது தினம் ஒன்றிரண்டு விரிகிறது. நல்ல மஞ்சள். சாயங்காலம் ஆனால் ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்து சுருங்கிவிடும். நடுவில் கொத்தாக நிற்கும் மகரந்தக் கம்பிகளை விரல் நுனியால் தொட்டால் எல்லாம் சேர்ந்து மெதுவாக நடுத்தண்டின் பக்கம் வளைகின்றன. என் மகள் பள்ளிக்குப் போவதற்கு முன் இதைத் தொட்டுப் பார்க்காமல் பஸ் ஏறுவதில்லை.

கேட்க வந்தது வேறு. பூவுக்குக் கீழே காய் பிடிக்கிறது, பழுத்தால் சாப்பிடலாமா? மட்டைகளில் வெள்ளையாகப் பஞ்சு போல ஒட்டியிருக்கிறது, அது என்ன? அப்புறம் முக்கியமானது இதுதான். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஒருவர் "பாலைவனக் கள்ளிச் சாறு" என்று பாட்டில் விற்கிறார். மெக்சிகோவில் இதைக் குடித்துத்தான் இனிப்பு நீரை விரட்டுகிறார்கள் என்று சொல்லி அம்மாவிடம் இரண்டு பாட்டில் கொடுத்துவிட்டார். அம்மா காலையும் இரவும் குடிக்கிறார். வாசலிலேயே இந்தச் செடி இருக்கும்போது ஏன் காசு கொடுக்க வேண்டும், மட்டையை அரைத்தே குடிக்கிறேன் என்று நேற்றிலிருந்து ஆரம்பித்திருக்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கித்தாக்காடு

தம்பி, பழத்தைத் தாராளமாகச் சாப்பிடலாம். என் அப்பாயி சேலம் பக்கத்திலிருந்து வந்தவர். ஆடு மேய்க்கிற காலத்தில் பசித்தால் கள்ளிப்பழம்தான், வாய், பல், சட்டை எல்லாம் சிவந்துவிடும், வீட்டில் வந்து மறைக்கவே முடியாது என்று சொல்லுவார். வேலியோரம் எல்லாம் அங்கே அதுதானாம். ஆனால் பறிப்பதற்கு ஒரு முறை உண்டு. கையால் பறிக்கக் கூடாது. கவைக்குச்சியால் முறுக்கி விழவைத்து, பாறை மேலோ மணலிலோ போட்டு வேப்பங்கொத்தால் நன்றாகத் தேய்ப்பார்கள். பழத்தின் தலைப்பக்கம் குழியாக இருக்கும் பாருங்கள், அங்கேதான் கண்ணுக்குத் தெரியாத முள் கூட்டமாக இருக்கும், அதை வெட்டி எறிந்துவிட்டுத்தான் பிளப்பார்கள். அவசரப்பட்டு வாயில் போட்ட பிள்ளைகள் நாக்கை நீட்டிக்கொண்டு அழுததை அப்பாயி நடித்தே காட்டுவார்.

பேச்சு பழத்தைப் பற்றித்தான். சாறு எடுத்துக் குடித்ததாக அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

மண்சட்டி

நான் ஈப்போ ரோட்டில் செடி விற்கிறேன். முள்ளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்தக் கள்ளியில் இரண்டு வகை முள். நீள முள் கண்ணுக்குத் தெரியும், குத்தினால் பிடுங்கிவிடலாம். மட்டையில் முள் முளைக்கிற ஒவ்வொரு கண்ணிலும் அதன் அடியில் பழுப்பாகப் பூனைமுடி போல ஒரு கொத்து இருக்கும், அதுதான் ஆபத்து. நுனியில் தூண்டில் போலப் பின்பக்கம் வளைந்த கொக்கி இருப்பதால் உள்ளே போனால் வெளியே வராது. குழந்தை தொட்டு விளையாடுகிறது என்கிறீர்கள், பூவோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். குத்திவிட்டால் தேய்க்கவே கூடாது. பெரியதை இடுக்கியால் எடுத்துவிட்டு, பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளைப் பசையைப் பூசி, மேலே மெல்லிய துணியை ஒட்டி, காய்ந்த பிறகு உரித்தால் பெரும்பாலும் வந்துவிடும்.

வெள்ளைப் பஞ்சை ஒரு குச்சியால் எடுத்துக் காகிதத்தில் வைத்து நசுக்கிப் பாருங்கள். மஞ்சளாகவோ வெளுப்பாகவோ வந்தால் மாவுப்பூச்சி. சோப்புத் தண்ணீர் அடித்துக் கழுவினால் போய்விடும். ரத்தம் போலச் சிவந்தால் அது வேறு பூச்சி, வாத்தியார் ஐயா வந்தால் அந்தக் கதையைச் சொல்லுவார்.

ஒன்று கேட்கிறேன், அந்த மட்டைக்குப் பக்கத்தில் யாராவது புல்லுக்கு மருந்து அடிக்கிறார்களா?

மருந்துச்சீட்டு

மருந்தகத்தில் வேலை செய்கிறேன். லயத்துமகன், மற்ற எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள். அம்மா சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா, இல்லை சாறு குடிப்பதால் நிறுத்திவிட்டாரா? இன்றைக்கே கேட்டுச் சொல்லுங்கள். பாட்டிலில் எம்.ஏ.எல். என்று தொடங்கி எட்டு இலக்கமும் கடைசியில் டி (T) என்ற எழுத்தும் கொண்ட பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். மலேசியாவில் பதிவு செய்த பாரம்பரிய மருந்து என்றால் அந்த எண்ணும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்க வேண்டும்.

லயத்துமகன்

கேட்டேன் அக்கா. இரவு மாத்திரையைப் போடுவதில்லையாம். "சாறு குடிக்கிறேனே, ரெண்டும் எதுக்கு" என்கிறார். பாட்டிலில் எண் கிண் எதுவும் இல்லை. கள்ளிப் படம் ஒன்று, ஒட்டகப் படம் ஒன்று, ஒரு கைப்பேசி எண், அவ்வளவுதான். பஞ்சை நசுக்கிப் பார்த்தேன், வெளிர் மஞ்சள், சிவப்பு இல்லை. புல் மருந்து: வீட்டுக்குப் பின்னால் செம்பனை (எண்ணெய்ப் பனை) காடு, அங்கே அடிப்பார்கள். காற்றடித்தால் வாடை வாசல் வரை வரும்.

மருந்துச்சீட்டு

மட்டை அரைப்பதை இப்போதே நிறுத்தச் சொல்லுங்கள். தோட்டங்களில் பல காலம் அடித்த பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுவிட்டது, ஆனால் வேறு களைக்கொல்லிகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. மருந்து படும் இடத்துச் செடியை வாயில் வைக்கவே கூடாது.

பாட்டில் விஷயம் இன்னும் மோசம். பதிவில்லாத "இயற்கை" மருந்துகளில் சர்க்கரை மாத்திரையையே பொடித்துக் கலந்து விற்றவை பிடிபட்டிருக்கின்றன. குடித்த உடனே அளவு இறங்கும், குடிப்பவர் அற்புதம் என்பார், ஒரு நாள் இரவு சர்க்கரை அடிமட்டத்துக்குப் போய் மயங்கிவிடுவார். உடம்பு வலிக்கு என்று விற்பவற்றில் ஸ்டீராய்டு கலந்தும் பிடித்திருக்கிறார்கள், அது சர்க்கரையை ஏற்றிவிடும். உங்கள் பாட்டிலில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. பாட்டிலையும் எடுத்துக்கொண்டு நாளைக்கே அரசாங்கக் கிளினிக்குக் கூட்டிப் போங்கள்.

மூலிகைப்பிரியன்

அக்கா சொல்வதில் பாட்டிலைப் பற்றிய பகுதியை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் செடியையே குற்றவாளி ஆக்கிவிடாதீர்கள். மெக்சிகோவில் இந்த மட்டையை நோபால் என்று சந்தை சந்தையாக விற்கிறார்கள். ஆயிரக்கணக்கான வருடமாகத் தின்கிறார்கள். எதற்கெடுத்தாலும் மாத்திரை என்று நம்மைப் பழக்கிவிட்டார்கள், லயத்தில் இருந்தபோது வாசலில் கற்பூரவல்லி, தூதுவளை, ஆடாதொடை இல்லாத வீடு உண்டா? மூத்தவர்களுக்குத் தெரிந்ததை எல்லாம் ஆபத்து என்று ஒதுக்கினால் கடைசியில் நமக்கு என்னதான் மிஞ்சும்? சர்க்கரைக்கு நோபால் நல்லது என்று ஆய்வும் வந்திருக்கிறதே.

மருந்துச்சீட்டு

வந்திருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. மெக்சிகோவில் நடந்த சிறிய ஆய்வுகளில், சாப்பாட்டோடு வேகவைத்த நோபாலும் சேர்த்துத் தின்றவர்களுக்குச் சாப்பிட்டபின் ஏறும் சர்க்கரை கொஞ்சம் குறைவாக ஏறியது. நார்ச்சத்தும் கொழகொழப்பும் மாவுச்சத்தை மெதுவாக உள்ளே விடுவதால். கவனியுங்கள், வேகவைத்தது, சாப்பாட்டோடு, தட்டு நிறையக் காய்கறியாக. மாத்திரையை நிறுத்திவிட்டு வெறும் வயிற்றில் ஒரு மூடி சாறு குடித்தவர்களை வைத்து அந்த ஆய்வு நடக்கவில்லை. மாத்திரையும் போட்டு இதையும் நிறையத் தின்றால் சர்க்கரை அதிகமாக இறங்கிவிடலாம், அதனால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் குறைத்துக்கொள்வது நல்லது, மட்டையில் ஆக்சலேட் உண்டு. பழத்தைக் கொட்டையோடு கிண்ணம் கிண்ணமாகத் தின்று, கொட்டை குடலில் இறுகி மருத்துவமனைக்கு வந்தவர்களும் உண்டு.

இதெல்லாம் பயமுறுத்த இல்லை. தேசியச் சுகாதார ஆய்வு எடுக்கும் ஒவ்வொரு முறையும் இந்த நாட்டில் இனிப்பு நீர் விகிதம் இந்தியர்களான நம் மக்களிடம்தான் அதிகமாக வருகிறது. கால் விரல் எடுத்தவர், கண் மங்கியவர், வாரம் தவறாமல் டயாலிசிஸ் போகிறவர் இல்லாத குடும்பத்தை நம்மில் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதனால்தான் மாத்திரையை நிறுத்திவிட்டார் என்று கேட்டாலே எனக்குப் பதறுகிறது.

கரும்பலகை

தாமதமாகப் பார்த்தேன். மண்சட்டி என்னை இழுத்துவிட்டதால் அந்தச் சிவப்புப் பூச்சியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

இந்தக் கள்ளிகளின் தாய்மண் அமெரிக்கக் கண்டம். மெக்சிகோவின் கொடியில் கழுகு நிற்பது இதே கள்ளியின் மேல்தான். கழுகு கள்ளியில் அமர்ந்த இடத்தில் 1325ல் அஸ்டெக்குகள் தங்கள் நகரத்தை அமைத்தார்கள் என்பது அவர்கள் மரபு. ஓவகாக்கா வட்டாரத்து மக்கள் மட்டைகளின் மேல் கொச்சினீல் என்ற பூச்சியை வளர்த்தார்கள். பெண் பூச்சியைச் சுரண்டி எடுத்து, காயவைத்து, அரைத்தால் கருஞ்சிவப்புச் சாயம். ஒரு பவுண்டு சாயத்துக்கு ஏறக்குறைய 70,000 பூச்சி. ஸ்பானியர் கையில் அது வெள்ளிக்கு அடுத்த விலையுயர்ந்த ஏற்றுமதி ஆனது. ஐரோப்பியப் பிரபுக்களின் சிவப்புத் துணி அந்தக் குடியானவர்கள் மட்டை மட்டையாகப் பொறுக்கிய பூச்சிதான்.

அந்தப் பணத்தின் மேல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கண். 1780களின் கடைசியில் சென்னையில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற மருத்துவர் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். நல்ல பூச்சி கிடைக்கவில்லை. 1795ல் நீல்சன் என்ற கேப்டன் ரியோ டி ஜெனிரோவிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்ததும் காட்டு வகை, சாயம் மட்டம். ஆனால் அது ஒரு வகைக் கள்ளியைத் தின்று தீர்த்தது. அதைப் பார்த்துவிட்டு 1830களில் தென்னாட்டில் பரவிக் கிடந்த கள்ளியை அழிக்க அதே பூச்சியை வேண்டுமென்றே விட்டார்கள். மிஞ்சிய இன்னொரு வகைக் கள்ளிக்கு 1926ல் வேறொரு பூச்சி வந்தது. கித்தாக்காடு அண்ணனின் அப்பாயி ஆடு மேய்த்த வேலியோரக் கள்ளி அதற்கும் தப்பி நின்றதாகத்தான் இருக்கும்.

மெக்சிகோவில் இன்னொரு பயன் உண்டு, யாரும் சொல்லமாட்டார்கள். மட்டையை வெட்டித் தண்ணீரில் ஊறவைத்து, அந்தக் கொழகொழத் தண்ணீரைச் சுண்ணாம்புச் சாந்தில் கலந்து சுவர் பூசுவார்கள். பூச்சு வெடிக்காது, மழைத் தண்ணீரும் எளிதில் உள்ளே இறங்காது. கலங்கல் தண்ணீரைத் தெளிய வைக்கவும் இதைப் போடுவதுண்டு.

பாலைக்காற்று

நான் பிறந்தது பக்கத்துத் தோட்டம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டூசான் நகரத்தில் சில வருடம் படித்தேன். அங்கே கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் பெரிய கள்ளி இருக்கிறதே, சகுவாரோ, அதைப் பற்றிச் சொல்லத்தான் உள்ளே வந்தேன். முதல் கிளை விடவே 50, 75 வருடம் ஆகும். பூ வெள்ளை, இரவில் விரிந்து மறுநாள் பிற்பகலில் மூடிவிடும், வௌவாலும் தேனீயும் புறாவும் மாறி மாறி வரும். 1931லிருந்து அதுதான் அரிசோனாவின் மாநிலப் பூ.

அந்த மண்ணின் மக்கள் தொஹோனோ ஓதம். ஜூன் கடைசியில், உச்ச வெயிலில், பழம் பறிக்கப் போவார்கள். செத்த சகுவாரோவின் விலா எலும்பு போன்ற நீளக் கட்டைகளை இணைத்து, நுனியில் குறுக்குக் குச்சி கட்டி, அண்ணாந்து நின்று தள்ளி விழவைப்பார்கள். செம்பனைக் குலை அறுக்க நம் ஆட்கள் அரிவாள் கட்டிய கம்பைத் தூக்கிக்கொண்டு அண்ணாந்து நிற்பார்களே, கழுத்தும் தோளும் அதே கோலம். பழத்தின் நுனியில் காய்ந்து ஒட்டியிருக்கும் பூவின் அடிப்பகுதி கெட்டியாக இருக்கும், அதையே கத்தியாக வைத்துத் தோலைக் கீறுவார்கள், வேறு ஆயுதம் வேண்டாம். சதையை எடுத்த பிறகு தோலைத் தூக்கி எறிவதில்லை, சிவந்த உட்புறம் வானத்தைப் பார்க்கும்படி தரையில் வைப்பார்கள், மழை வரட்டும் என்று. சதையைக் காய்ச்சி வடித்துப் பாகு எடுப்பார்கள், விதையை அரைத்து மாவாக்குவார்கள், பாகில் கொஞ்சத்தைப் புளிக்கவைத்து எல்லோரும் உட்கார்ந்து குடித்து மழையை அழைப்பார்கள். அவர்களுக்கு ஆண்டுப் பிறப்பே இந்த அறுவடையோடுதான். பழத்துக்கு முன்னால், வசந்தத்தில், சோய்யா (cholla) என்ற இன்னொரு கள்ளியின் மொட்டைப் பறித்து முள் நீக்கிக் குழியில் வேகவைத்து உலர்த்துவார்கள், வருடம் முழுக்க வரும்.

மூலிகைப்பிரியன் அண்ணே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். அந்த மக்களும் அவர்களின் அண்டை உறவினர் பீமா மக்களும் இன்று உலகத்திலேயே இனிப்பு நீர் மிக அதிகமாக உள்ளவர்களில் சேர்ந்தவர்கள். கள்ளி அங்கேதான் நிற்கிறது. ஆற்றுத் தண்ணீரை மேலே வந்து குடியேறியவர்கள் தங்கள் பக்கம் திருப்பிக்கொண்டார்கள், விவசாயம் போயிற்று, அரசாங்கம் கொடுத்த மாவும் கொழுப்பும் சர்க்கரையும் தட்டுக்கு வந்தன. வெயிலில் நடந்து போய்ப் பறிப்பது, காய்ச்சுவது, பங்கு வைப்பது எல்லாம் குறைந்துவிட்டது. இப்போது சிலர் பழைய சாப்பாட்டை மறுபடி கொண்டுவரப் பாடுபடுகிறார்கள், அதில் கள்ளி மொட்டும் பருப்பும் பாகும் எல்லாம் சேர்ந்து வருகின்றன. அதில் ஒன்றை மட்டும் உருவி பாட்டிலில் அடைத்து சுங்கை சிப்புட்டில் விற்பவர் அவர்கள் பெயரையும் கெடுக்கிறார், நம் அம்மாக்கள் உடம்பையும் கெடுக்கிறார்.

மூலிகைப்பிரியன்

பீமா மக்கள் விஷயம் மனதைத் தொட்டது தம்பி. தோட்டத்தை விட்டு நாம் டவுனுக்கு வந்த கதையும் அதில் பாதி இருக்கிறது. லயத்துப் பின்கட்டில் கீரை, மரவள்ளி, முருங்கை. இப்போது சிமெண்டுத் தரை, மூன்று வேளையும் வெள்ளைச் சோறு, டின் பால் ஊற்றிய தே தாரிக். ஆனாலும் கேட்கிறேன், மருந்தாக வேண்டாம், காய்கறியாகச் சமைக்கலாம் அல்லவா? முறை தெரிந்தால் சொல்லுங்கள்.

பாலைக்காற்று

தாராளமாக, மருந்து படாத செடியாக இருந்தால். பெரிய மட்டை வேண்டாம், நார். உள்ளங்கை அளவு இளமட்டை, அதில் சின்னச் சின்னக் கூரான இலை இன்னும் உதிராமல் இருக்க வேண்டும், அதுதான் இளசு என்பதற்கு அடையாளம். நேரமும் முக்கியம். இந்தச் செடி பகலில் மூச்சுத் துளையை மூடிக்கொண்டு இரவில்தான் காற்றை இழுத்துப் புளிப்பாகச் சேமிக்கும், வெயிலில் அது செலவாகும். விடியற்காலையில் வெட்டினால் புளிக்கும், மதியத்துக்கு மேல் வெட்டினால் புளிப்பு குறைவு. இடுக்கியால் பிடித்து, கண்களை எல்லாம் கத்தியால் சீவி, ஓரத்தையும் சுற்றிச் சீவி, தணலில் வாட்டிவிட்டுக் கழுவுங்கள். கீற்றாக நறுக்கி உப்புப் போட்டு வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டினால் கொழகொழப்பு பாதி போய்விடும். அங்கே முட்டையோடு வதக்குவார்கள், தக்காளி வெங்காயம் போட்டுப் பச்சடி மாதிரியும் செய்வார்கள். சம்பல் போட்டு இஞ்சி பூண்டோடு பிரட்டினால் நம் வாய்க்கு இன்னும் ஒத்துவரும்.

கித்தாக்காடு

இளசுகளுக்கு ஒரு எச்சரிக்கை. கள்ளி என்றாலே எல்லாவற்றையும் சீவிச் சமைக்கப் புறப்பட்டுவிடாதீர்கள். திருகுக்கள்ளி, சதுரக்கள்ளி, வாசலில் சிவப்பாகப் பூக்கும் முள்செடி, இவற்றைக் கிள்ளினால் வெள்ளைப் பால் வடியும். அது விஷம். கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. எங்கள் தோட்டத்தில் ஒரு பையன் திருகுக்கள்ளியை ஒடித்துவிட்டுக் கண்ணைக் கசக்கி, இரண்டு நாள் கண் திறக்க முடியாமல் கிடந்தான். சப்பாத்திக்கள்ளியைக் கிள்ளினால் பால் வராது, வழவழத் தண்ணீர்தான் வரும்.

லயத்துமகன்

எல்லோருக்கும் நன்றி. அம்மாவைக் கூட்டிப் போய்விட்டேன். காலை வெறும் வயிற்றில் சர்க்கரை 14 மில்லிமோலுக்கு மேல். மருத்துவர் திட்டவில்லை, பொறுமையாகக் கேட்டார், மாத்திரையைப் பழையபடி ஆரம்பிக்கச் சொன்னார், பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டார். பாலைக்காற்று எழுதியதை நான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தோலை வானத்தைப் பார்த்து வைக்கிற இடத்தில் நிறுத்தச் சொல்லி இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார். "அவங்களும் நம்மள மாதிரிதான் இருக்காங்க" என்றார். அன்று இரவு நான் எடுத்துக் கொடுக்காமல் அவரே மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

சமைக்கும் ஆசை அவருக்கும் வந்துவிட்டது. வாசல் செடிதான் மருந்து வாடை அடிக்கிற இடமாகப் போய்விட்டது. இதிலிருந்தே ஒரு மட்டையை எடுத்து, பெந்தோங்கில் உள்ள அக்கா வீட்டு மாடியில் சட்டியில் வைத்தால் வருமா? அங்கே மழை அதிகம்.

மண்சட்டி

வரும். ஆனால் பாலைக்காற்று படித்த டூசான் பக்கம் வருடத்துக்கு 300 மில்லிமீட்டர் பெய்தாலே அதிகம், நமக்குப் பெரும்பாலும் 2,000ஐத் தாண்டும். அழுகல்தான் எதிரி. மட்டையை மூட்டில் வெட்டி, வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டும் வரை ஒரு வாரம், பத்து நாள் நிழலில் கிடத்துங்கள். ஆற்று மணல், உடைத்த செங்கல், கொஞ்சம் மட்கிய உரம், அவ்வளவுதான் மண். அடியில் பெரிய ஓட்டை உள்ள மண்சட்டி, பிளாஸ்டிக் வேண்டாம். கால்வாசி மட்டும் புதைத்து, வேர் பிடிக்கும் வரை தண்ணீரே ஊற்றாதீர்கள். மழை படாத, வெயில் அடிக்கிற மாடி ஓரம் கிடைத்தால் போதும். வெட்டின மட்டையைச் சமைக்காதீர்கள். அங்கே புதிதாகத் துளிர்த்து, அந்தத் துளிரும் உள்ளங்கை அளவு ஆன பிறகு அதை வெட்டுங்கள்.

கித்தாக்காடு

எனக்கும் ஒரு மட்டை வேண்டும் தம்பி. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வரும்போது வீட்டுப் பக்கம் வருகிறேன். இடுக்கியும் பழைய நியூஸ் பேப்பரும் நானே கொண்டுவருகிறேன்.